பூட்டிய கதவும் புரூக்ளின் வழக்கறிஞரும்

அமெரிக்காவின் பெருநகரப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழுகைக்குத் திரளும் வரிசைகளைப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்பு தோன்றும். ஐதராபாத்தின் மருத்துவர், லாகூரின் பொறியாளர், டாக்காவின் வாடகைக் கார் ஓட்டுநர், கெய்ரோவின் பேராசிரியர், தமிழகத்திலிருந்து சென்ற கணினி வல்லுநர் ஆகியோர் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்த்து நிற்பர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்களும் அவர்களிடையே இருப்பர். இவர்களுள் அடிமைகளின் சந்ததியார் பல நூற்றாண்டுகளாக அந்த மண்ணுக்குரியவர்கள். ஏனையோரில் மிகப் பெரும்பாலோர் அங்கு சென்றதெல்லாம் 1965ஆம் ஆண்டுக்குப் பின்னர்தான்.

அதற்கு முன் அவர்கள் ஏன் செல்லவில்லை? செல்ல விருப்பமின்றியோ, தகுதியின்றியோ அன்று. சட்டம் அவர்களைத் தடுத்தது. ஆசியாவில் பிறந்தவன் என்பதே தடைக்குப் போதிய காரணமாயிற்று. அந்தத் தடை 1965இல் நீங்கியதை நம்மில் பலர் அறிவோம். அதனை நீக்குவதற்கு நாற்பத்தோராண்டுகள் ஒரே அவையில் காத்திருந்து போராடிய வழக்கறிஞரின் பெயரை நம்மில் அறிந்தோர் சிலரே. அவர் இம்மானுவேல் செல்லர். நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து தேர்வான யூதர். பலஸ்தீன விவகாரத்தில் நமக்கு நேர் எதிரணியில் நின்றவர். அவருடைய வாழ்வை இங்கு நாம் ஆராய முற்படுவதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணமாகின்றன.

இளமையும் கல்வியும்

செல்லர் 1888ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் புரூக்ளினில் பிறந்தார். அவருடைய பாட்டன் பாட்டியர் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள். தந்தை மது வணிகம் செய்தவர். அவ்வணிகம் நொடித்துப் போனது. செல்லர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவராக இருந்தபோது தந்தை மறைந்தார். சில மாதங்களுக்குள் தாயும் மறைந்தார். குடும்பப் பொறுப்பு அந்த இளைஞரின் தோள்மீது விழுந்தது. காலையில் கல்லூரி வகுப்பு, பிற்பகல் தொடங்கி இரவு வரை தந்தையின் பழைய வாடிக்கையாளர்களிடம் விற்பனை என்று அவருடைய மாணவப் பருவம் கழிந்தது. 1910இல் பட்டமும் 1912இல் சட்டப் பட்டமும் பெற்று, அவ்வாண்டே வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டார்.

புரூக்ளின் அக்காலத்தில் குடியேறிகளின் ஊராக இருந்தது. இத்தாலியர், போலந்துக்காரர், உருசிய யூதர், ஐரிஷ்காரர் என்று பலரும் நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்தனர். வழக்கறிஞராகிய செல்லரிடம் வந்தவர்கள் இம்மக்களே. ஊரில் விட்டுவந்த மனைவியை அழைத்துக்கொள்ள வழி கேட்டும், துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட தம்பியை மீட்க வழி கேட்டும் வருவோர் அத்தகைய பகுதியில் மிகுதி. பின்னாளில் அவர் இயற்றிய சட்டங்களின் வேர் இங்குதான் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் சார்பில் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்வு பெற்று, 1923 மார்ச்சில் பதவியேற்றார். 1973 ஜனவரி வரை, இரண்டு மாதம் குறைய ஐம்பதாண்டுகள், அந்த அவையில் இடைவிடாது வீற்றிருந்தார்.

கதவு பூட்டப்பட்ட வரலாறு

செல்லர் எதிர்த்தது எதனை என்பதை விளங்கிக்கொள்ள அதற்கு முந்திய சட்டங்களைச் சற்று நோக்க வேண்டும். 1790ஆம் ஆண்டின் சட்டம், அயல்நாட்டில் பிறந்தோருள் சுதந்திரமான வெள்ளையருக்கே குடியுரிமை என்றது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் 1870இல் ஆப்பிரிக்க வழியினருக்கும் அவ்வுரிமை நீட்டிக்கப்பட்டது. இடையில் இருந்த ஆசியரின் நிலை என்ன? 1882இல் சீனத் தொழிலாளர் தடுக்கப்பட்டனர். 1907ஆம் ஆண்டின் சட்டம், பலதார மணத்தில் நம்பிக்கை உண்டென ஒப்புக்கொள்வோரையும் விலக்கியது. ஒரு மனைவியோடு வாழ்ந்தவரும், மணமே ஆகாதவரும்கூட மார்க்கத்தின் அனுமதியை மறுக்க மனமின்றித் துறைமுக அதிகாரிகளிடம் சிக்கிக்கொள்ள அச்சட்டம் வழி செய்தது. 1917இல் வந்த சட்டம் ஆசியாவின் பெரும்பகுதியைச் சுற்றிக் கோடு கிழித்து, அதனை விலக்கப்பட்ட வலயம் என அறிவித்தது. இந்தியா முழுமையும் அக்கோட்டுக்குள் அகப்பட்டது.

அதற்கு முன்பே அங்கு சென்றுவிட்ட இந்தியர் சில ஆயிரம் பேர். கலிபோர்னியாவில் பஞ்சாபி விவசாயிகள் இருந்தனர். நியூயார்க்கில், கப்பல்களிலிருந்து இறங்கித் தங்கிவிட்ட வங்காள முஸ்லிம் கப்பல் தொழிலாளர்கள் ஹார்லெம் பகுதியில் குடும்பம் அமைத்து வாழ்ந்தனர். 1923இல் பகத் சிங் திந்த் என்பாரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தியர் வெள்ளையராகக் கருதப்பட மாட்டார், ஆதலால் குடியுரிமைக்கு உரியவர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. திந்த், முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். அத்தீர்ப்பின்பின் ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

அரபுகளின் நிலையும் உறுதியற்றதாகவே இருந்தது. 1942இல் மிச்சிகனின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று யமன் நாட்டவரான அஹ்மத் ஹஸன் என்பாரின் குடியுரிமை மனுவைத் தள்ளியது. அவருடைய நிறத்தோடு, அவர் முஸ்லிம் உலகைச் சேர்ந்தவர் என்பதும் காரணமாகக் காட்டப்பட்டது. ஈராண்டுகளுக்குப் பின் 1944இல் மாசசூசெட்ஸின் நீதிமன்றம் முஹம்மத் முஹ்ரிஸ் என்னும் அரபியரின் மனுவை ஏற்றது. ஒரே சட்டத்தை இரு நீதிபதிகள் இருவகையாகப் படித்தனர். சட்டத்தின் சொல் மாறாதவரை நீதிபதியின் மனப்போக்கே மனிதனின் விதியை முடிவு செய்யும் என்பதற்கு இவ்விரு வழக்குகளும் சான்றாகும்.

கன்னிப் பேச்சு

செல்லர் அவைக்கு வந்த மறு ஆண்டே பெரும் சோதனை வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் குடியேறிகள்மீது வெறுப்பு பெருகியிருந்தது. 1921இல் தற்காலிகமாக ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. 1924இல் ஆல்பர்ட் ஜான்சன் என்னும் உறுப்பினர் கொண்டுவந்த மசோதா அதனை நிரந்தரமாக்கி மேலும் இறுக்கியது. ஒரு நாட்டிலிருந்து ஆண்டுக்கு எத்தனை பேர் வரலாம் என்பதை, 1890ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கில் அந்நாட்டில் பிறந்தோர் எத்தனை பேர் அமெரிக்காவில் இருந்தனரோ அதில் நூற்றுக்கு இரண்டு என்று வகுத்தது.

ஏன் 1890? 1920ஆம் ஆண்டின் கணக்கே கையில் இருந்ததே! தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் பெருமளவில் வந்தது 1890க்குப் பின்னர்தான். பழைய கணக்கை எடுத்தால் அவர்களுடைய பங்கு தானாகவே சுருங்கிவிடும். இத்தாலியின் அளவு நாற்பத்திரண்டாயிரத்திலிருந்து நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. குடியுரிமைக்குத் தகுதியற்றோர் குடியேறவும் தகுதியற்றோர் என்ற விதியால் ஆசியர் அடியோடு விலக்கப்பட்டனர். எவரையும் பெயர் கூறி இழிவுபடுத்தாமல் கணக்கைக் கொண்டே இழிவை நிறைவேற்றும் தந்திரம் இது.

முப்பத்தைந்து வயதுப் புதிய உறுப்பினராகிய செல்லர் இம்மசோதாவை எதிர்த்து அவையில் எழுந்து பேசினார். ஓர் இனம் மேலானது, பிறிதோர் இனம் தாழ்ந்தது என்னும் கொள்கையையே அவர் மறுத்தார். பயன் விளையவில்லை. 1924 ஏப்ரல் 12ஆம் நாள் 323க்கு 71 என்ற கணக்கில் மசோதா நிறைவேறியது. எழுபத்தொருவருள் ஒருவராக அன்று தோற்ற அவர், அப்பேச்சை நாற்பத்தோராண்டுகள் நிறுத்தவில்லை.

அச்சட்டத்தின் கொடிய விளைவு 1930களில் வெளிப்பட்டது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பியோட முயன்றோர்க்கு அமெரிக்காவின் கதவு திறக்கவில்லை. 1939இல் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட யூத அகதிகளை ஏற்றிவந்த செயின்ட் லூயிஸ் என்னும் கப்பல் அமெரிக்கக் கரையைக் கண்டும் இறங்க இசைவு பெறாமல் ஐரோப்பாவுக்குத் திரும்பியது. அப்பயணிகளுள் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் பின்னர் நாஜிகளின் கொடுமைக்குப் பலியாயினர். செல்லர் தம் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டிடமும் வெளியுறவுத் துறையிடமும் அகதிகளுக்காக மீண்டும் மீண்டும் முறையிட்டார். அவர் கேட்டதில் மிகச் சிறிதே கிடைத்தது. 1953இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அந்நாள்களின் கையறு நிலையை அவர் ஆறாத வேதனையோடு பதிவு செய்திருக்கிறார்.

நூறு பேருக்கான சட்டம்

இரண்டாம் உலகப் போர் ஒரு முரண்பாட்டை வெளிச்சமிட்டுக் காட்டியது. இனவெறிக்கு எதிராகப் போரிடுவதாகக் கூறிய நாடு, தன் நேச நாடுகளின் மக்களை இனத்தின் பெயரால் விலக்கி வைத்திருந்தது. சப்பானிய வானொலி இதனை ஆசிய மக்களிடையே பரப்புரைக்குப் பயன்படுத்திக்கொண்டது. 1943இல் சீனருக்கு எதிரான தடை நீக்கப்பட்டு, ஆண்டுக்கு 105 பேர் என்ற சிற்றளவு வழங்கப்பட்டது. இந்தியருக்கும் அவ்வாறு செய்ய வேண்டுமென்று செல்லரும், குடியரசுக் கட்சி உறுப்பினரான கிளேர் பூத் லூஸ் அம்மையாரும் மசோதா கொண்டுவந்தனர். இருவரும் எதிரெதிர்க் கட்சியினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இம்முயற்சிக்குப் பின்னே அமெரிக்கவாழ் இந்தியரின் உழைப்பு இருந்தது. இந்தியா லீக் அமைப்பின் தலைவர் ஜே.ஜே. சிங்கும், இந்திய நல்வாழ்வுக் கழகத்தை நடத்திய முபாரக் அலீ கானும் காங்கிரஸ் உறுப்பினர்களின் படிகளை ஏறி இறங்கினர். முபாரக் அலீ கான், ஏற்கெனவே அங்கு வாழும் இந்தியருக்குக் குடியுரிமை கிடைப்பதையே முதன்மையாகக் கொண்டார். சிங், புதிதாக வருவோர்க்கும் வழி வேண்டும் என்றார். வழிமுறையில் இருவரும் வேறுபட்ட போதிலும் இருவர் விழைவும் ஒரே சட்டத்தில் நிறைவேறியது. 1946 ஜூலை 2ஆம் நாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அதில் கையெழுத்திட்டார். வரலாற்றில் அது லூஸ்-செல்லர் சட்டம் எனப்படுகிறது.

ஆண்டுக்கு நூறு இந்தியர் என்பதே அது தந்த அளவு. நாற்பது கோடி மக்களுக்கு நூறு இடம்! ஆயினும் அச்சட்டத்தின் பெருமை அந்த எண்ணில் இல்லை. இந்தியர் குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்ற இழிவு அன்றோடு ஒழிந்தது. நிலம் வாங்கவும் வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் வழி பிறந்தது. 1949இல் குடியுரிமை பெற்ற தலீப் சிங் சௌந்த் என்னும் பஞ்சாபியர் 1956ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, செல்லர் வீற்றிருந்த அதே அவையில் உறுப்பினராக அமர்ந்தார்.

குழுத் தலைவர்

அமெரிக்க நாடாளுமன்ற முறையில் மசோதாக்களின் உயிர் குழுக்களின் கையில் இருக்கிறது. குழுத் தலைவர் விரும்பினால் ஒரு மசோதா அவைக்கு வரும். விரும்பாவிடில் அலமாரியிலேயே உறங்கும். 1949இல் செல்லர் நீதித்துறைக் குழுவின் தலைவரானார். இடையில் ஈராண்டு தவிர 1973 வரை அப்பதவியில் இருந்தார். பெருநிறுவனங்கள் ஒன்றையொன்று விழுங்கி ஏகபோகம் அமைப்பதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டின் செல்லர்-கெஃபாவர் சட்டம் அவர் பெயரைத் தாங்கியது. 1957, 1960ஆம் ஆண்டுகளின் குடியுரிமைகள் சட்டங்களும் அவருடைய குழுவின் வழியே வந்தவை. எனினும் அவருடைய பணிகளுள் தலையாயது 1964ஆம் ஆண்டின் சட்டமே.

1963 ஜூன் மாதம் கென்னடி அரசின் மசோதாவைச் செல்லர் அவையில் அறிமுகப்படுத்தினார். உணவகம், விடுதி, பணியிடம் ஆகிய எங்கும் நிறவேற்றுமை காட்டலாகாது என்பது அதன் சாரம். தம் கட்சியின் தென் மாநில உறுப்பினர்கள் அதற்கு எதிரிகள் என்பதைச் செல்லர் நன்கு அறிவார். ஆகவே எதிர்க்கட்சியின் துணை இன்றியமையாததாயிற்று. குழுவில் குடியரசுக் கட்சியின் தலைமை உறுப்பினராக இருந்தவர் ஒகையோ மாநிலத்தின் வில்லியம் மெக்கல்லக். அவருடைய தொகுதியில் கறுப்பின மக்கள் மிகக் குறைவு. இச்சட்டத்தால் அவருக்கு ஒரு வாக்கும் கூடப்போவதில்லை. அவ்வாறிருந்தும் மனச்சான்றின் பொருட்டு அவர் உடன்பட்டார். செனட் சபையில் மசோதாவை நீர்த்துப்போகச் செய்யக் கூடாது என்பதே அவர் விதித்த நிபந்தனை.

நவம்பர் 20ஆம் நாள் குழு தன் அறிக்கையை அளித்தது. இரண்டே நாளில் கென்னடி கொல்லப்பட்டார். விதிகள் குழுவின் தலைவரான வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித் மசோதாவைத் தம் குழுவில் முடக்கி வைத்தார். அதனை மீட்கச் செல்லர் உறுப்பினர்களிடம் கையெழுத்துத் திரட்டத் தொடங்கவே, ஸ்மித் இறங்கிவர நேர்ந்தது. 1964 பிப்ரவரி 10ஆம் நாள் 290க்கு 130 என்ற கணக்கில் பிரதிநிதிகள் சபையில் மசோதா நிறைவேறியது. செனட் சபையில் நெடிய விவாதம் நடந்துகொண்டிருந்த மார்ச் 26ஆம் நாள், அதனைக் காண மார்ட்டின் லூதர் கிங்கும் மால்கம் எக்ஸும் வந்திருந்தனர். அவ்விரு தலைவர்களும் நேருக்கு நேர் சந்தித்தது அந்த ஒரு நாள் மட்டுமே. அடுத்த மாதம் மால்கம் எக்ஸ் ஹஜ் பயணம் மேற்கொண்டதையும், அப்பயணம் அவர் சிந்தனையை மாற்றியதையும் நாம் அறிவோம். ஜூலை 2ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று.

அச்சட்டத்தின் ஏழாம் பிரிவு, பணியிடத்தில் இனம், நிறம், மதம், பால், பூர்விக நாடு ஆகியவற்றின் பேரில் வேற்றுமை காட்டுவதைத் தடுக்கிறது. மதம் என்னும் அச்சொல்லின் பயன் அரை நூற்றாண்டு கழித்து நம் சமுதாயத்துக்கும் கிட்டியது. ஒக்லஹோமா மாநிலத்தில் தலைத்துணி அணிந்து நேர்காணலுக்குச் சென்ற முஸ்லிம் இளம்பெண் ஒருவருக்கு ஒரு துணிக்கடை நிறுவனம் வேலை மறுத்தது. அந்தப் பெண்ணின் பக்கமே நியாயம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் எட்டு நீதிபதிகளின் பெரும்பான்மையோடு தீர்ப்பளித்தது. ஒருவர் மட்டுமே மாறுபட்டார். அத்தீர்ப்பின் அடித்தளம் செல்லரின் குழுவில் உருவான அச்சட்டமே.

1965: எண்ணியதும் விளைந்ததும்

குடியேற்றச் சட்டத்தை மாற்றுவதற்குப் பெருந்தடையாக இருந்தவர் பென்சில்வேனியாவின் பிரான்சிஸ் வால்டர். 1952இல் ட்ரூமனின் மறுப்பாணையையும் மீறிப் பழைய அளவு முறையைப் புதுச்சட்டமாக நிலைநிறுத்தியவர்களுள் அவர் ஒருவர். செல்லர் தலைமை வகித்த குழுவின் கீழேயே குடியேற்றத் துணைக்குழுவின் தலைவராக அமர்ந்து, தலைவரின் விருப்பத்தையே தடுத்து வந்தார். 1963இல் வால்டர் மறைந்தார். கென்னடியும் அவருக்குப் பின் ஜான்சனும் சீர்திருத்தத்துக்கு ஆதரவளித்தனர். செல்லர் பிரதிநிதிகள் சபையிலும், பிலிப் ஹார்ட் செனட்டிலும் மசோதாவை முன்வைத்தனர். 1965 அக்டோபர் 3ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திரதேவி சிலையின் அடியில் ஜான்சன் அதில் கையெழுத்திட்டார். பிறந்த நாட்டை வைத்து அளவு வகுக்கும் முறை ஒழிந்தது. உறவினரும் தொழில் தகுதியுடையோரும் முன்னுரிமை பெற்றனர். கிழக்கு அரைக்கோளத்துக்கு ஆண்டுக்கு 1,70,000 விசாக்கள், அதில் எந்த நாட்டுக்கும் இருபதாயிரத்துக்கு மேல் இல்லை என்று வகுக்கப்பட்டது.

இங்கே வரலாற்றின் விந்தை ஒன்று உண்டு. இச்சட்டத்தால் ஆசியரும் ஆப்பிரிக்கரும் பெருமளவில் வந்துவிடுவரே என்று எதிர்ப்பாளர் அஞ்சினர். அவ்வாறு நிகழாது, அவர்களுக்கு இங்கு உறவினர் மிகக் குறைவு, எனவே வருவோரும் குறைவாகவே இருப்பர் என்று செல்லரே அவையில் உறுதி கூறினார். துணைக்குழுவில் வால்டருக்குப் பின் வந்த மைக்கேல் ஃபீகன், உறவினருக்கு முதலிடம் அளித்தால் ஐரோப்பியரின் விகிதம் மாறாது நிற்கும் எனக் கணக்கிட்டார். நிகழ்ந்தது வேறு. போருக்குப் பின் செழித்த ஐரோப்பியர் குடிபெயரும் நாட்டமிழந்தனர். அதே 1965இல் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியதால் மருத்துவர்களின் தேவை பெருகியது. இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் மருத்துவரும் பொறியாளரும் தொழில் முன்னுரிமையில் சென்றனர். குடியுரிமை பெற்றதும் உறவு முன்னுரிமையில் உடன்பிறந்தாரை அழைத்தனர். அவர்கள் தம் உறவினரை அழைத்தனர். ஐரோப்பியருக்காக வைக்கப்பட்ட ஏணியில் ஆசியர் ஏறினர். 1960இல் இந்தியாவில் பிறந்தோர் அங்கு ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேர். 2019இல் அத்தொகை ஏறத்தாழ இருபத்தேழு இலட்சம். 2017ஆம் ஆண்டின் ஆய்வு மதிப்பீட்டின்படி அந்நாட்டின் முஸ்லிம்கள் ஏறத்தாழ 34 இலட்சத்து 50 ஆயிரம் பேர்.

இதில் செல்லருக்குரிய பங்கு என்ன? தாம் எதிர்பாராத விளைவுக்கு ஒருவர் புகழ் பெறலாமா? எண்ணத்தைக் கொண்டே செயலை மதிப்பிடப் பயின்ற நாம் இதனைச் சற்றே பகுத்து நோக்க வேண்டும். எத்தனை பேர் வருவர் என்பது செல்லரின் கணிப்பு. பிறந்த மண்ணைக் காட்டி எவரையும் விலக்கலாகாது என்பது அவருடைய எண்ணம். கணிப்பு பொய்த்தது. எண்ணம் பலித்தது. நீதியின் பேரில் எழுதப்படும் சட்டம், அதனை எழுதியவரின் கற்பனைக்கும் அப்பால் பயன் தரும் என்பதை இதனால் உணர்கிறோம்.

பலஸ்தீனம்

செல்லரின் வாழ்வில் நம்மால் கடந்து செல்ல முடியாத ஒரு பக்கம் உண்டு. அவர் சியோனிச இயக்கத்தின் உறுதியான ஆதரவாளர். பலஸ்தீனத்தில் யூத நாடு அமைவதற்காகக் காங்கிரஸிலும் வெள்ளை மாளிகையிலும் இடையறாது வலியுறுத்தியவர். போருக்குப் பின் பிரிட்டனுக்கு வழங்கப்படவிருந்த பெருங்கடனைக்கூட, பலஸ்தீனத்துக்கு யூத அகதிகள் செல்வதை அந்நாடு தடுக்கிறது என்ற காரணத்தால் எதிர்த்தார். 1948இல் அந்நாடு உருவானபோது ஏழு இலட்சம் பலஸ்தீனர் தம் வீடு வாசலை இழந்து அகதிகளாயினர். அவர்களும் அவர்தம் வழித்தோன்றல்களும் ஊர் திரும்ப வழியின்றி முகாம்களில் தலைமுறைகளைக் கழித்தனர்.

அகதிக்குக் கதவு திறக்க வேண்டுமென்று வாழ்நாள் முழுதும் வாதாடியவர், தாம் ஆதரித்த ஓர் ஏற்பாட்டால் வேறொரு மக்கள் அகதிகளானதைத் தம் வாதத்துள் கொண்டுவரவில்லை. செயின்ட் லூயிஸ் கப்பலை அவர் மறக்கவில்லை. அந்நினைவே அவரைச் சியோனிசத்தின்பால் மேலும் உந்தியது என்பதையும் நாம் மறுக்க இயலாது. உலகம் கதவைச் சாத்தியதால் ஒரு மக்களுக்குப் புகலிடம் வேண்டியிருந்தது. அமெரிக்கா 1924இல் அக்கதவைச் சாத்தாதிருந்தால் பலஸ்தீனத்தின் வரலாறு வேறாக இருந்திருக்குமோ என்று சிந்திப்போர் உண்டு. ஆயினும் ஐரோப்பா செய்த பாவத்துக்கும் அமெரிக்கா காட்டிய அலட்சியத்துக்கும் விலை கொடுத்தவர்கள், இரண்டிலும் பங்கில்லாத பலஸ்தீனரே. தம்முடைய மக்களின் துயரம் செல்லருக்குப் பார்வை தந்தது. அதே துயரம் மற்றொரு மக்களின் துயரைக் காணவொட்டாமல் மறைக்கவும் செய்தது.

வீழ்ச்சி

நெடுங்கால அதிகாரம் எவரையும் தேய்க்கும். காங்கிரஸ் உறுப்பினராக இருந்துகொண்டே செல்லர் தம் வழக்கறிஞர் தொழிலையும் விடாது நடத்தினார். சட்டம் இயற்றுபவர் அச்சட்டத்தின் கீழ் வழக்காடும் நிறுவனத்தில் பங்கு வகிக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. பெண்களின் சம உரிமையை உறுதி செய்யும் அரசியலமைப்புத் திருத்தத்தையும் அவர் தம் குழுவில் பல்லாண்டுகள் முடக்கி வைத்தார். அது பெண் தொழிலாளரின் பாதுகாப்புச் சட்டங்களைக் குலைக்கும் என்பது அவர் வாதம். 1970இல் மார்த்தா கிரிஃபித்ஸ் என்னும் பெண் உறுப்பினர் கையெழுத்துத் திரட்டி அம்மசோதாவைக் குழுவிலிருந்து வெளிக்கொணர்ந்தார். ஸ்மித்துக்கு எதிராகச் செல்லர் எடுத்த ஆயுதமே இப்போது செல்லருக்கு எதிராகத் திரும்பியது.

1972ஆம் ஆண்டு ஜூன் மாதம் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில் எலிசபெத் ஹோல்ட்ஸ்மன் என்னும் முப்பது வயதுப் பெண் வழக்கறிஞர் அவரை எதிர்த்தார். செல்லர் இப்போட்டியைப் பொருட்படுத்தவில்லை. ஹோல்ட்ஸ்மனோ திரையரங்க வரிசைகளிலும் சுரங்க ரயில் நிலையங்களிலும் மக்களைச் சந்தித்தார். சில நூறு வாக்குகளில் செல்லர் தோற்றார். ஈராண்டுகளுக்குப் பின் குடியரசுத் தலைவர் நிக்சன்மீதான பதவிநீக்க விசாரணையை நாடே உற்றுநோக்கியபோது, நீதித்துறைக் குழுவின் தலைமை நாற்காலியில் பீட்டர் ரோடினோ இருந்தார். அக்குழுவின் உறுப்பினருள் ஒருவராக ஹோல்ட்ஸ்மனும் இருந்தார். செல்லர் 1981 ஜனவரி 15ஆம் நாள் தம் தொண்ணூற்றிரண்டாம் வயதில் புரூக்ளினிலேயே மறைந்தார்.

நிறுத்துப் பார்த்தல்

நம் முன்னோர் வளர்த்த கலைகளுள் ஜர்ஹ் வ தஃதீல் என்பது ஒன்று. ஹதீஸ் அறிவிப்பாளரின் குறையையும் நிறைவையும் கூட்டாமல் குறைக்காமல் நிறுத்துக் கூறும் கலை அது. அக்கலையில் தலைசிறந்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், கவாரிஜ் பிரிவைச் சேர்ந்த இம்ரான் இப்னு ஹித்தான் என்பாரின் அறிவிப்பையும் தம் தொகுப்பில் ஏற்றிருக்கிறார்கள். கொள்கையில் மாறுபட்டவர் என்பதற்காக அவருடைய வாய்மை மறுக்கப்படவில்லை. வாய்மைக்காக அவருடைய கொள்கை ஏற்கப்படவும் இல்லை. ஒரு கூட்டத்தார்மீது கொண்ட பகை நீதி தவறச் செய்யலாகாது என்பது திருமறை நமக்கிட்ட கட்டளை. செல்லரை அந்தத் தராசில் நிறுத்தினால், இரு தட்டுகளிலும் கனமான பொருள்கள் இருக்கின்றன. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது அறிஞர் செயலன்று.

அவருடைய சட்டத்தின் வாழ்வும் முடிந்துவிடவில்லை. 2017இல் குடியரசுத் தலைவர் டிரம்ப், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள ஏழு நாடுகளின் மக்கள் நுழையத் தடை விதித்தார். அதனை எதிர்த்து நீதிமன்றம் சென்ற வழக்கறிஞர்கள், பிறந்த நாட்டைக் காட்டி விசா வழங்குவதில் வேற்றுமை செய்யலாகாது என்னும் 1965ஆம் ஆண்டின் விதியையும் தம் வாதங்களுள் ஒன்றாக முன்வைத்தனர். கீழ் நீதிமன்றங்கள் சிலவற்றில் வென்ற அவர்கள், 2018இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றனர். விசா வழங்குவது வேறு, நாட்டுக்குள் நுழைவது வேறு என்று பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தைப் படித்தனர். 2021இல் பைடன் அத்தடையை நீக்கினார். 2025இல் வேறு நாடுகளையும் சேர்த்துப் புதிய தடை வந்தது. ஹஸனையும் முஹ்ரிஸையும் இரு நீதிபதிகள் இருவகையாக எடைபோட்ட கதை இன்னும் தொடர்கிறது.

சட்டத்தின் வழியே உரிமை பெற விரும்பும் சிறுபான்மைச் சமுதாயம் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. 1924இல் தோற்ற எழுபத்தொருவரின் வாதம் அவைக்குறிப்பில் பதிவாகியிருந்தது. நாற்பத்தோராண்டுகளுக்குப் பின் அதுவே சட்டமாயிற்று. பேரணியின் முழக்கம் அன்றைய மாலையோடு அடங்கிவிடலாம். மசோதாவின் ஒரு சொல், அதனை எழுதியவர் மறைந்த பின்னும் எங்கோ ஒரு கடையின் வாயிலில் வேலை கேட்டு நிற்கும் பெண்ணுக்காகப் பேசும். நம் பிள்ளைகளை மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் அனுப்புவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் ஒரு பங்கையேனும் சட்டக் கல்வியில் காட்டினோமா என்பதை ஒவ்வொரு ஜமாஅத்தும் தன்னைத்தானே கேட்டுக்கொள்வது நலம்.